போலி மின்சாரமா?

மணவூர் ஸ்டேஷனில் அரக்கோணம் வண்டிக்குக் காத்திருப்பவரின் தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி போகிறது. கம்பிக்குக் கீழேயே வளர்ந்த நமக்கு ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது: கம்பியில் வருவதுதான் கரண்டு, மலைக்கும் தீவுக்கும் சோலார் போட்டுக் கொடுப்பதெல்லாம் கண்துடைப்பு. இப்படிச் சொல்பவர்கள் கையில் ஒரு சாட்சியும் உண்டு, பீகாரின் தர்னாய் கிராமம்.

2014-இல் கிரீன்பீஸ் அமைப்பு அங்கே ஊருக்கு மட்டுமான 100 கிலோவாட் சோலார் மின்வலை, அதாவது மைக்ரோகிரிட், அமைத்தது. திறப்பு விழாவுக்கு வந்த பீகார் அரசியல் தலைவர் நிதிஷ் குமாரிடம் ஊரார் கேட்டது, போலி வேண்டாம், அசல் மின்சாரம் வேண்டும் என்று. கம்பி வந்தது. சில ஆண்டுகளில் பேட்டரிகள் செத்தன. கடைசியில் அந்தச் சோலார் நிலையத்தில் மாடு கட்டினார்கள்.

நடந்தது உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவோடுதான் எனக்குச் சண்டை. தர்னாயின் சோலார் இணைப்பில் பிரிட்ஜ் போன்றவற்றை மாட்டக் கூடாது என்று தடை. யூனிட் விலையோ கம்பி மின்சாரத்தைவிட அதிகம். விளக்கு எரிந்தால் போதும் என்று யாரோ ஊருக்காக முடிவு செய்திருக்கிறார்கள். எந்த ஊர் விளக்கோடு நிற்கும்?

இரவில் சோலார் கைவிடும் என்கிறார்கள். கைவிடுவது கணக்கு. சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட். மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி விசிறி சுமார் 30. நூறு வீட்டில் ஆளுக்கு ஒரு விசிறி இரவு பத்து மணி நேரம் சுற்றினால், முன்னதற்கு பேட்டரியில் 75 யூனிட் இருக்க வேண்டும், பின்னதற்கு 30 போதும். விசிறியை மாற்றிக் கொடுப்பது பேட்டரி வாங்குவதைவிட மலிவு. ஆனால் திட்டம் போடுகிறவர்கள் சோலார் தகட்டிலிருந்து தொடங்குகிறார்கள், வீட்டிலிருந்து தொடங்குவதில்லை. மாவு மில் மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது இழுக்கும் கரண்டைப்போலப் பல மடங்கு இழுக்கும் என்பதும் அந்தக் கணக்கில் இருக்காது. அது ஒருநாள் இன்வெர்ட்டரைச் சாய்க்கும், பழி வெயில் மேல் விழும்.

மழைநாளுக்கு என்ன வழி? யாழ்ப்பாணத்தை ஒட்டிய நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவுக்கு இந்திய மானியத்தில் வகுத்த திட்டத்தைப் பாருங்கள். சூரிய சக்தி 1,700 கிலோவாட், காற்றாலை 530, பேட்டரி 2,400 யூனிட், இவற்றோடு 2,500 கிலோவாட் டீசல் ஜெனரேட்டரும். தென்மேற்குப் பருவத்தில் அந்தக் கடலில் காற்று பலமாக வீசும். டீசல் கடைசித் துணை. சூரிய பக்தர்களுக்கு இந்த டீசல் உறுத்தலாம்; நம்பகம் என்றால் இதுதான். முதலில் சீன நிறுவனம், பிறகு இந்திய மானியம் என்று இழுபட்டு, 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்தத் தாமதத்துக்கு அரசியல் பொறுப்பு, தொழில்நுட்பம் அல்ல.

விலை அதிகம் என்பது அடுத்த வாதம். எதைவிட? ஒரு லிட்டர் டீசலில் ஜெனரேட்டர் மூன்று யூனிட் சொச்சம் தரும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கையில் எரிபொருள் செலவே யூனிட்டுக்கு 30 ரூபாயைத் தொடும். அதோடு ஒப்பிடாமல் நம் வீட்டு பில்லோடு ஒப்பிடுகிறோம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம். மணவூர்க்காரருக்கு அரசு கட்டும் பணத்தை மலைக்குடிக்கும் கட்டினால் விலைப் பேச்சு அங்கேயே முடியும். மானியம் கம்பிக்கு மட்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கம்பி வந்தால் எல்லாம் வீண் என்பார்கள். 230 வோல்ட் தரத்தில் லைன் இழுத்து, கிரிட்டோடு இணையும் இன்வெர்ட்டர் வைத்தால் கம்பி வரும் நாளில் அதுவே கூடுதல் துணை. முதல் நாளே யோசிக்க வேண்டிய செலவு இது.

மலைக்கிராமத்துக்கு டெண்டர் போடும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். தகட்டின் கிலோவாட்டுக்குக் கீழே இரண்டு வரி சேருங்கள்: இந்த ஊருக்கு இரவில் எத்தனை யூனிட் வேண்டும், பேட்டரி தேயும்போது மாற்றுவதற்கான பணம் யாருடைய கணக்கில் சேர்கிறது.