வாங்காத கடனுக்கு யார் பொறுப்பு?

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது மானமுள்ளவர் கடமை. வாங்காத கடனுக்கு வசூல்காரர் வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது?

ஐரோலியில் அறை எடுக்க ஆதார் நகல். தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர பான் அட்டை நகல். பிழைக்க வந்த தமிழர்கள் கேட்ட இடத்தில் எல்லாம் ஜெராக்ஸ் கொடுத்துவிட்டு மறந்து விடுகிறார்கள். அந்தக் காகிதம் தீயவர் கையில் சிக்கினால், அதை வைத்துக் கைப்பேசிச் செயலியில் கடன் வாங்கி விடுகிறார்கள்.

இது வீண் பயம் அல்ல. தமது பான் எண்ணைக் கொண்டு யாரோ 2,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாக நடிகை சன்னி லியோன் 2022 பிப்ரவரியில் பகிரங்கமாகப் புகார் கூறினார். அவருடைய குறை விரைவில் தீர்ந்தது. பட்டறைத் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் அந்த வேகம் கிடைப்பது அரிது. அவர்களுக்குத் துணை சட்டம்தான்.

கடன் அறிக்கையில் உள்ள பிழையைத் திருத்தக் கோரும் உரிமையை 2005ஆம் ஆண்டுச் சட்டம் தந்துள்ளது. சிபில் உள்ளிட்ட 4 நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். புகார் 30 நாளில் தீராவிட்டால், அதன்பின் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என 2023இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கடன் கொடுப்பவர் உங்கள் அறிக்கையைப் பார்த்தால், எச்சரிக்கைச் செய்தி அனுப்பவும் உத்தரவு உண்டு. ஆனால் அது பதிவில் உள்ள எண்ணுக்கே போகும். ஊரில் வைத்திருந்த எண்ணை விட்டுவிட்டு இங்கே புது சிம் வாங்கியவருக்கு அது எட்டாது. எனவே புது எண்ணை உடனே வங்கியில் பதிவு செய்யுங்கள்.

நகல் கொடுக்கும்போது, எதற்காக என்பதையும் தேதியையும் அதன் குறுக்கே எழுதிக் கையொப்பமிடுங்கள். முதல் 8 எண்கள் மறைக்கப்பட்ட ஆதார் நகல் போதுமா என்று கேளுங்கள். ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள். மோசடி தெரிந்தால் அன்றே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் மறுப்பை எழுத்தில் அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

அமெரிக்காவில் 2018 முதல் எவரும் தம் கடன் அறிக்கையைக் கட்டணமின்றிப் பூட்டி வைக்கலாம்; பூட்டிய பின் அவர் பெயரில் புதுக் கடன் வாங்குவது கடினம். அந்த உரிமையை இங்கும் சட்டமாக்க வேண்டும். புகார் மனுக்களைத் தமிழிலும் ஏற்க வேண்டும்.

அக்கம்பக்கத்தார் முன் அவமானம் நேருமே என்று அஞ்சி, சிலர் வாங்காத கடனுக்குத் தவணை கட்டி விடுகிறார்கள். கட்டிய பணம் கடனை ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாகி விடலாம். வெட்கப்பட வேண்டியவர் திருடியவரே, பறிகொடுத்தவர் அல்ல. துணிந்து புகார் எழுதுங்கள்!