வயதின் குற்றமா, குளிசையின் குற்றமா?

புத்தளம் கடற்கரையில், உடப்பிலோ கற்பிட்டியிலோ கருவாடு உலர்த்தும் ஒரு தாய்க்கு, இருமும்போதும் கூடை தூக்கும்போதும் சிறுநீர் கசிகிறதென்று வைத்துக்கொள்வோம். அதை அவள் எவரிடமும் எளிதில் சொல்லமாட்டாள். சொன்னாலும் கிடைக்கும் விடை ஒன்றே: "நாலு பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான்." அண்டை வீட்டுக் கிழவி இதைச் சொன்னால் மன்னிக்கலாம். மருத்துவம் கற்றவர் சொன்னால்?

பெண்ணின் சிறுநீர்வழி ஏறக்குறைய நான்கு சென்ரிமீற்றர் நீளமே. அதன் மேற்பகுதித் தசை இறுகி நிற்க, நரம்பு முனைகள் சுரக்கும் நோரதிரனலின் துணை வேண்டும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் பிரசோசின், குருதிக் குழாய்களில் அப்பொருளின் கட்டளையைத் தடுத்து அவற்றைத் தளர்த்துகிறது. சிறுநீர்வழிக்கும் அதே கதிதான். அழுத்தம் இறங்குகிறது, சேலை நனைகிறது. 1996-இல் பிரிட்டனில் மார்ஷல், பீவர்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை மருந்து உண்ட பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவருக்கு இத்துன்பம் இருந்தது. உண்ணாதோரில் ஆறில் ஒருவருக்கே. மருந்தை நிறுத்தியதும் பலருக்குக் குறைந்தது. வயதையா நிறுத்தினார்கள்?

எனலாபிரில் சிலருக்கு வறட்டிருமலைத் தந்து கசிவை மிகுவிக்கும். தடிமனுக்கு உண்ணும் குளோர்பெனிரமினும் நரம்பு வலிக்கான அமிற்றிப்ரிலினும் இதற்கு மாறாகச் சிறுநீர்ப்பையைச் சோர்வித்து நீரைத் தேக்கிவிடக்கூடும். மாதவிடாய் நின்றபின் உண்ணும் ஈஸ்திரஜன் குளிசை கசிவைக் குறைக்கும் என நெடுங்காலம் நம்பினர். அது கசிவைக் கூட்டியதென 2005-இல் வெளிவந்த அமெரிக்கப் பேராய்வு காட்டிற்று.

மறைவிடம் தேடி நெடுந்தூரம் நடக்கவேண்டிய உப்பள வெளியில் உழைப்பவள் என்ன செய்வாள்? தண்ணீர் குடிப்பதை விட்டுவிடுவாள். அந்த வெயிலில்! இதனையும் பெண்மையின் நாணம் என்று போற்றுவோர் உளர்.

1971-இல் சேனக பிபிலேயும் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அறிக்கை தந்தனர். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. மருந்து வணிகரின் கொள்ளைக்கு எதிராக எழுந்த அப்பணி பெரிது. ஆனால் மருந்து மலிவாக வந்தால் போதுமா? அது தன் உடம்பில் என்ன செய்யும் என்ற அறிவும் அவளுக்கு உரியதன்றோ? குளிசை இட்டுத் தரும் கடதாசி உறையில் வேளைக் கணக்கு இருக்கிறது. கசிவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

குளிசையைத் தாமாகவே நிறுத்துமாறு யாம் கூறவில்லை, அது ஆபத்து. வேறு மருந்துகள் உள்ளன, மாற்றுவது மருத்துவர் கையில். ஆனால் அழுத்தம் அளக்கும் நேரத்தில், "இருமினால் கசிகிறதா அம்மா?" என்று அவளுடைய மொழியில் கேட்க எவ்வளவு நேரம் பிடிக்கும்?