கிட்டப்பாவின் தட்டுகள் எந்த வேகத்தில் சுழன்றன?

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். அதைச் சுற்றியுள்ள ஊர்களில், ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும், சாமி கும்பிடு என்றால் இன்னும் வள்ளி திருமணம் நாடகம் போடுகிறார்கள். ராஜபார்ட் மேல்ஸ்தாயியில் நின்று பிடித்தால், கீழே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் கிட்டப்பா பெயரைச் சொல்லித்தான் மெச்சுவார்கள். கிட்டப்பாவை நேரில் கேட்டவர் இன்று அந்தக் கூட்டத்தில் எவரும் இல்லை. தட்டில் கேட்டவர்களே குறைந்துவிட்டார்கள்.

நாடக மேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா இதே மலைத்தொடரின் தெற்கே, அன்று திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த செங்கோட்டையில் 1906இல் பிறந்தவர். 1933 டிசம்பர் 2ஆம் தேதி மறைந்தபோது வயது 27. தமிழில் பேசும்படம் வந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. அவர் மனைவி கே. பி. சுந்தராம்பாளையாவது 1935இல் ‘பக்த நந்தனார்’ முதல் திரையில் பார்க்க முடிந்தது. கிட்டப்பாவின் நடிப்பில் ஓர் அடி படச்சுருள்கூட இல்லை. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டிய அந்தக் குரலில் நமக்கு மிஞ்சியவை சில அரக்கு இசைத்தட்டுகள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம். விடிய விடிய மேடையில் விரித்துப் பாடியவர் அந்த மூன்று நிமிடத்துக்குள் தம்மைச் சுருக்கிக்கொண்டார். அப்படியும் ‘எவரனி’ கிருதியில் அவர் பிருகா உருளும் வேகம் இன்றைக்கும் திகைக்க வைக்கிறது.

குரல் மிஞ்சினால் மட்டும் போதாது, அதன் விவரமும் மிஞ்ச வேண்டும். ஹெவி மெட்டல் கேட்கும் நம் ஊர்த் தம்பிகளுக்கு ரோனி ஜேம்ஸ் டியோவைத் தெரியும். 2010இல் இறந்துபோன அமெரிக்கப் பாடகர். ரெயின்போ, பிளாக் சபாத், பிறகு தம் பெயரிலேயே ஒரு குழு. 1980இல் ‘ஹெவன் அண்ட் ஹெல்’, 1983இல் ‘ஹோலி டைவர்’ என்று எந்த ஆண்டு எந்த ஆல்பம், யார் கிட்டார், யார் தயாரிப்பு என்பதெல்லாம் ரசிகர்களுக்கு மனப்பாடம். அந்தக் குரல் எப்படி முதிர்ந்தது என்பதை ஆண்டுவாரியாகக் காதாலேயே தொடரலாம். அதே தம்பிகள் கிட்டப்பாவை யூடியூபில் தேடினால், பெரும்பாலும் ஆண்டு இல்லை, தட்டு எண் இல்லை, பக்கவாத்தியம் யார் என்ற குறிப்பு இல்லை. இரைச்சலை நீக்குகிறேன் என்று குரலின் கூர்மையையும் மழுக்கிய பதிவுகளே அதிகம்.

இதைவிட முக்கியமான ஒன்று, வேகம். நிமிடத்துக்கு 78 சுழற்சி என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அக்காலத்துத் தட்டுகள் எல்லாமே துல்லியமாக அந்த வேகத்தில் பதிவானவை அல்ல. 74இல் பதிந்த தட்டை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். காலப்பிரமாணமும் கூடவே துரிதப்படும். கிட்டப்பா பாடியது ஐந்தரைக் கட்டையா, ஆறா என்று பல காலமாக வாதாடுகிறோம். தட்டின் வேகம் தெரியாமல் செய்யும் இந்த வாதத்தில் எனக்கு மரியாதை இல்லை. அரைக்கட்டை குறைவு என்று நாளை நிரூபணமானாலும் அவர் ஒரு மாற்றுக் குறைந்துவிட மாட்டார்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தட்டில் கூடவே ஒலிக்கும் ஆர்மோனியத்தைக் கவனிக்க வேண்டும். அதன் ரீடுகள் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத்தான் தாவும். டிஜிட்டல் பதிவில் அந்த ஒலி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுந்தால் வேகத்தைச் சந்தேகிக்கலாம். அன்றைய ஆர்மோனியங்களின் சுருதி ஒரே மாதிரி இருந்ததில்லை என்பதால் இதுவே முடிவான தீர்ப்பு ஆகாது. ஆனால் ஒரே நாளில் பதிவான தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் பிடி கிடைக்கும். அதற்கு எண்கள் வேண்டும். லேபிளில் அச்சிட்ட எண்ணோடு, லேபிளை ஒட்டிய வழவழப்பான வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணும் வேண்டும்.

ஆகவே இந்த வட்டாரத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில், பழைய ஒலிபெருக்கிக் கடைகளில், தாத்தா காலத்து டிரங்குப் பெட்டியில் கிட்டப்பா தட்டு இருந்தால் பழைய ஊசியை வைத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிற்க வையுங்கள். இரண்டு பக்க லேபிளையும் அந்த வளையத்து எண்ணையும் படமெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். தட்டு உங்களிடமே இருக்கட்டும். வரும் விவரங்களை அடுத்த இதழிலிருந்து பட்டியலாக வெளியிடுவோம்.