தூண்டில் பக்கம்: விராலும் ரப்பர் தவளையும்



மழை விட்ட மறுநாள் காலையில் செம்பனைக் காட்டு அல்லூர் ஓரமாகச் சற்று நின்று பாருங்கள். புல் மண்டிய தண்ணீரில் 'ப்ளக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது விரால் மூச்செடுக்கும் சத்தம். மலாய்க்காரர்கள் ஹாருவான் என்பது இதைத்தான். மற்ற மீன்களைப் போலச் செவுளை மட்டும் நம்பி இதனால் வாழ முடியாது. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். இதன் பெரிய உறவான தோமானுக்கும் அதே குணம். தவளையும் இவற்றுக்குப் பிடித்த இரை. ஆகவேதான் மேல்தண்ணீரில் இழுக்கும் ரப்பர் தவளைக்கு இவை மயங்குகின்றன.

பால்மரக் காலத்துப் பெரியவர்கள் நீண்ட மூங்கில் கழியில் உயிர்த் தவளையைக் கோத்துப் பிடித்தார்கள். இன்று கடையில் ரப்பர் தவளை கிடைக்கிறது. முள் இரண்டும் அதன் முதுகோடு ஒட்டியிருப்பதால் புல்லில் சிக்காது. ஆனால் மீன் நன்றாகக் கவ்வி அழுத்தினால்தான் முள் வெளியே வரும். எனவே தண்ணீர் சிதறியவுடன் இழுத்துவிடாதீர்கள். கோலின் நுனியைத் தாழ்த்தி, "ஒன்று, இரண்டு" என்று எண்ணி, பிறகு வெட்டி இழுங்கள். தோமானுக்குப் பல் கூர்மை. தவளைக்கு முன்னால் ஒரு சாண் கம்பி கட்டுவது நல்லது.

இனி, பருவத்தைப் பார்ப்போம்.

கெடா, பெர்லிஸ் பக்கம் ஜனவரி, பிப்ரவரியில் வெயில் காயும். தண்ணீர் வற்றி, மீன்கள் ஆழமான பள்ளங்களில் ஒதுங்கும். அப்போது விடியலும் அந்தியும்தான் நல்ல நேரம். நிழலடியிலும் ஆகாயத்தாமரை ஓரத்திலும் தவளையை மெதுவாக நகர்த்துங்கள். நடுநடுவே நிறுத்தி, அலை அடங்கும் வரை விடுங்கள்.

மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் மாலை மழை வலுக்கும். புதுத் தண்ணீர் குட்டைக்குள் விழும் வாயில் விரால் காத்திருக்கும். தவளையை அங்கே வீசி, சற்று வேகமாகவே ஓட்டலாம். இடி கேட்டால் மட்டும் கோலைக் கீழே வைத்துவிட்டுப் பாதுகாப்பான கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் பருவமழை வெள்ளம் வரும். அந்த மாதங்களில் ஆற்றங்கரைப் பக்கமே போக வேண்டாம்.

நெல் வயல் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு காலம் உண்டு. கிரியான், தஞ்சோங் காராங் போன்ற இடங்களில் அறுவடைக்கு முன் வயல் தண்ணீரை வடிப்பார்கள். வயலில் வளர்ந்த விரால்கள் அப்போது கால்வாய்க்கு இறங்கும்.

இப்போது முக்கியமான செய்திக்கு வருகிறேன். மழைக்காலத்தில் தண்ணீரின் மேல் செந்நிறக் குஞ்சுகள் பந்து போலத் திரண்டு, நுரை கொதிப்பதுபோல் எழுந்து எழுந்து மூச்சு வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில் காவல் மீன் நிற்கிறது. தவளையைக் குஞ்சுகளுக்குக் குறுக்கே ஓட்டினால் அது பாய்ந்து அடிக்கும். பசியால் அல்ல, பிள்ளையைக் காக்கும் ஆத்திரத்தால். சுலபமாகக் கிடைக்கிறதே என்று அதைத் தூக்கிவிட்டால், காவல் இழந்த குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். ஒருநாள் குழம்புக்காக ஒரு குட்டையின் வருங்காலத்தையே அழித்தவர்களாவோம். குஞ்சுகளைக் கண்டால் நாலு அடி தள்ளிப் போய் வீசுங்கள். தெரியாமல் காவல் மீன் மாட்டினால், முள்ளைக் கழற்றி அதே இடத்தில் விட்டுவிடுங்கள்.

பிள்ளை பெற்ற பெண்ணுக்கும், அறுவை செய்துகொண்டவருக்கும் விரால் கொடுப்பது நம் நாட்டில் எல்லா இனத்தாரிடமும் உள்ள வழக்கம். புரதம் நிறைந்த மீன்தான். ஆனால் டாக்டர் தந்த மருந்துக்கு ஈடாகாது. அப்படி வீட்டுக்கு எடுத்துப் போகும் மீன் சுத்தமான தண்ணீரில் பிடித்ததாக இருக்கட்டும். அண்மையில் புல்லுக்கு மருந்தடித்த காட்டின் அல்லூரில் பிடித்ததைச் சட்டியில் ஏற்றாதீர்கள்.

ஈயக்குட்டைக்குப் பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். அங்கே கரை ஓரம் முழங்கால் அளவுதான் தெரியும். அடுத்த அடியில் ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும். மணற்கரையும் திடீரெனச் சரியும். தவளை மரக்கிளையில் மாட்டிக்கொண்டால் நூலை அறுத்துவிடச் சொல்லுங்கள். பத்து வெள்ளித் தவளையை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.