மதிலோடு நின்ற சட்டம்

பாடசாலை விட்டதும் தனியார் கல்வி நிலையத்துக்கு விரையும் பதினைந்து வயதுப் பிள்ளையின் மதிய உணவு யாது? ஒரு றோல்ஸ், ஒரு போத்தல் சோடா. இரவு வீடு திரும்பும் வழியில் கொத்துரொட்டி. இதனை அடுக்களை விடயமென்று ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஓர் இனத்தின் நாளைய உடல்வலு அதன் அரசியலுக்குப் புறம்பானதன்று.

சட்டம் இல்லாமலில்லை. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதி, 2016 ஆகஸ்ட் 1 முதல் இனிப்புப் பானங்களுக்கு நிற அடையாளம் விதித்தது. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமை விஞ்சினால் சிவப்பு. அத்தகைய அரை லீற்றர் போத்தலில் 55 கிராமுக்கு மேல் சீனி. ஏறத்தாழப் பதினொரு தேக்கரண்டி! நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, சேர்க்கப்படும் சீனியின் உச்ச வரம்போ 50 கிராம்.

ஆயின், சிவப்பு எச்சரிக்குமேயன்றித் தடுக்காது. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளுக்கெனக் கல்வி அமைச்சு 2015 இல் விடுத்த சுற்றறிக்கையின் ஆட்சியும் மதிலோடு முடிந்துவிடுகிறது. பிள்ளையின் பசியோ மதிலுக்கு அப்பாலும் தொடர்கிறது.

“பிள்ளைகள் விரும்பி உண்கின்றனர், வணிகரைக் குறைகூறுவதேன்?” என்பர். தெரிவு என்பது இரண்டு பொருள்கள் முன்னிருக்கும்போதே பொருளுடையது. பிற்பகல் இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் அவ்வீதியில் வேறென்ன விற்கப்படுகிறது? உணவுக்குப் பதில் காசைக் கையிற் கொடுத்து, வகுப்பிலிருந்து வகுப்புக்குத் துரத்துபவர் யார்? உத்தியோகம் பார்க்கும் பெற்றோராகிய நாமல்லவா? முதற் குற்றவாளிக் கூண்டில் நாமே நிற்கிறோம்.

உழவர் பெருமக்களே! றோல்ஸின் மாவுக்கான கோதுமை கப்பலில் வருகிறது. உங்கள் பயறும் குரக்கனும் எள்ளும் கச்சானும் நியாய விலையின்றி வாடுகின்றன. பிள்ளையின் பசியும் உங்கள் விளைச்சலும் ஒரே ஊரில் இருந்தும் சந்திக்கவில்லை.

அவற்றைச் சந்திக்கவைப்பதே நம் கோரிக்கை. ஒவ்வொரு கல்வி நிலையத்தின் அருகிலும் கூட்டுறவுச் சங்கம் ஒரு கடை திறக்கட்டும். அவித்த பயறு, எள்ளுருண்டை, மோர் ஆகியன அங்கு விற்கட்டும். பிரதேச சபை அதற்கு இடம் அளிக்கட்டும். கல்வி நிலைய நடத்துநர் உண்பதற்கு அரைமணி நேரம் ஒதுக்கட்டும்.

இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை; கொழும்பின் அனுமதியும் வேண்டியதில்லை. நமது மனம் ஒன்றே வேண்டும்!