தோல் நீங்கிய பறை: எதிர்ப்பண்பாட்டின் சந்தை குறித்துச் சில கருத்துகள்

எதிர்ப்பண்பாடு நுகர்வுச் சந்தைக்குப் பகையன்று, எரிபொருளே என்பது ஜோசப் ஹீத், ஆண்ட்ரு பாட்டர் இருவரும் 2004இல் வெளியிட்ட நூலின் வாதம். பிறரினின்று வேறுபடத் துடிக்கும் கலகக்காரனே புதிய பண்டத்தின் முதல் வாடிக்கையாளன் என்பர் அவர்கள். பறையின் அண்மைக்கால வரலாற்றை இவ்வாதத்துள் அடக்கிவிட இயலாது என்பது என் கருத்து.

தொல்காப்பியம் பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணுகிறது. பிற்காலத்தில் அதனை இசைப்போர் மீது சாதி இழிவு சுமத்தப்பட்டது. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் சாப்பறை அடிக்க மறுக்கும் போராட்டத்தை முன்னெடுத்தார். 1990களின் தலித் கலை விழாக்களோ அதே பறையை விடுதலையின் இசையாக மீட்டெடுத்தன. மறுத்தோரும் மீட்டோரும் வேண்டியது தனித்துத் தோன்றுவதை அன்று, சமமாக நடத்தப்படுவதை. நகர்ப்புறப் பயிற்சி வகுப்புகளில் சேர்வோர் சிலருக்கு வேண்டுமானால் மேற்கண்ட வாதம் பொருந்தலாம்.

இன்று பறை திருமண மண்டபத்திலும் கல்லூரி விழாவிலும் ஒலிக்கிறது. அங்கு ஒலிப்பவற்றுள் பல மாட்டுத்தோல் போர்த்தவை அல்ல. பிளாஸ்டிக் முகம் பொருத்தியவை. தோற்பறையை வைக்கோல் தீயில் காய்ச்ச வேண்டும். மழை ஈரத்தில் அது தளர்ந்துவிடும். பிளாஸ்டிக்குக்கு இத்தொல்லைகள் இல்லை. கலைஞர் அதனைத் தேர்வதில் குறைகாண ஏதுமில்லை. ஆயினும் தீயும் தோல்வாடையும் அகன்ற பின்னரே மண்டபக் கதவு இவ்வளவு அகலத் திறந்தது என்பதை ஆய்வாளர் கடந்து செல்லலாகாது. தீண்டாமைக்குக் காரணம் காட்டப்பட்ட பொருள் வெளியே நிற்க, ஒலி மட்டும் உள்ளே நுழைந்திருக்கிறது.

காவேரிப்பாக்கத்திலிருந்து நோக்கும்போது இது மேலும் துலங்கும். மேற்கே இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எனத் தோல் வட்டாரம் நீள்கிறது. அங்குப் பதனிட்ட தோல் காலணியாகிக் கப்பலேறுகிறது. அணிபவர் அதில் யாருடைய கையையும் காண்பதில்லை. பறைக்குரியதோ பதனிடாத தோல். அதனை உரித்துக் காயவைத்து இழுத்துக் கட்டுபவரின் கை மறைவதில்லை. சந்தை விலக்கியது இக்கையைத்தான். இது உள்வாங்குதல் அன்று, வடிகட்டுதல் என்பேன்.

நம் ஆய்வுகள் பறையின் குறியீட்டுப் பொருளையே பெரிதும் பேசுகின்றன. பறை கட்டுவோர் இன்று எத்தனை பேர்? மண்டபத்தில் கிடைக்கும் கூலி எவ்வளவு, சாவு வீட்டில் எவ்வளவு? மண்டபத்தில் வாசித்தவருக்கு அதே பந்தியில் இலை போடப்படுகிறதா? இவ்வினாக்களோடு கள ஆய்வு தொடங்க வேண்டும்.