காயலான் கடைக்காரன் திருடனா?

பழைய கார்ப் பார்ட்ஸ் விற்கிறவன் திருடன். வாங்குகிறவன் திருட்டுக்கு உடந்தை. அதை வண்டியில் மாட்டிக் கொடுக்கிற மெக்கானிக் ஜனங்களின் உயிரோடு விளையாடுகிறவன்! நாட்டில் நெடுநாளாக நடந்துவரும் பிரச்சாரம் இது. குளிர்பதன ஷோரூமில் கழுத்துப்பட்டை கட்டி உட்கார்ந்திருக்கும் கனவான்கள் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு நம்மவர்களில் சிலரும் தலையாட்டத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

"நமக்கேது காரு, நமக்கேன் இந்த வம்பு?" என்று மில் தோழர் கேட்கலாம். காலை ஷிப்டுக்கு உங்களைக் கொண்டுபோய் இறக்குகிற ஷேர் ஆட்டோ எந்தப் பார்ட்ஸில் ஓடுகிறது? நடவுக்குப் பெண்களை நிற்க வைத்து ஏற்றிப் போகிற குட்டி யானை? ஊர் டிராக்டர்? அரை ஆயுள் முடிந்த டைனமோவும், கழற்றி மாட்டிய கியர் பெட்டியும் இல்லாவிட்டால் இவற்றில் பாதி நாளைக்கே நின்றுபோகும்.

விஷயத்துக்கு வருவோம். ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளை ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். கம்பெனி கொடுத்த வேகம் போதவில்லை. டர்போ மாற்றுகிறான், ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தாழ்த்துகிறான், சைலன்சரை மாற்றி ஊரின் தூக்கத்தைக் கெடுக்கிறான். அப்புறம் அலுத்துப் போகிறது. விற்கப் பார்த்தால் வாங்க ஆளில்லை. காரணம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. தயாரித்தவன் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. முழு வண்டியாக விற்றால் தலைவலி. துண்டு துண்டாக விற்றால் காசு. அவன் துண்டாக விற்கிறான். அவனுக்காக நாம் கண்ணீர் விடப் போவதில்லை.

ஆனால் அந்த வண்டி புதுப்பேட்டை போன்ற ஓர் இடத்துக்கு வந்து சேர்ந்தபின் நடப்பதைப் பாருங்கள். கூவம் கரையோரச் சந்துகளில் ஸ்பானரோடு உட்கார்ந்திருக்கும் தொழிலாளி ஒரு போல்ட்டைக்கூட வீணாக்குவதில்லை. டர்போவும் அலாய் சக்கரமும் இன்னொரு பணக்காரப் பிள்ளைக்குப் போகின்றன, போகட்டும். ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர், கதவுக் கண்ணாடி, வைப்பர் மோட்டார் எல்லாம் பொருந்துகிற வண்டிகளைத் தேடிப் போகின்றன. புகைக்குழாயில் இருக்கும் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் என்று விலையுயர்ந்த உலோகங்கள் உண்டு. அதற்குத் தனி வியாபாரி வருகிறான். எதற்கும் ஆகாதது எடைக்குப் போய் உலையில் உருகுகிறது. மண்ணிலிருந்து தாதுவை வெட்டி எடுத்து, உருக்கி, கடைந்து உண்டாக்கிய பொருள் இரண்டாம் முறையும் மனிதனுக்கு உழைக்கிறது. இதையா திருட்டு என்கிறார்கள்?

கம்பெனிக்கு ஏன் இவ்வளவு கோபம்? பழைய பார்ட் ஒன்று விற்றால் புதிய பார்ட் ஒன்று விற்காது. அவ்வளவுதான்! அந்தப் புதிய பார்ட்டை எப்படி விற்றார்கள் என்பதற்குச் சர்க்காரின் காகிதமே சாட்சி. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகள் மீது சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. டாட்டா மோட்டார்ஸுக்கு மட்டும் 1,346 கோடி. மாருதிக்கு 471 கோடி. மஹிந்திராவுக்கு 292 கோடி. உள்நாட்டான், வெளிநாட்டான் என்ற பேதமில்லை. ஹோண்டா, டொயோட்டா, ஃபோர்டு, பென்ஸ், பி.எம்.டபிள்யூ. எல்லாரும் அந்தப் பட்டியலில் கைகோத்து நின்றார்கள்.

குற்றம் என்ன? பார்ட்ஸ் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகள் அதை வெளிச் சந்தையில் விற்கக் கூடாதென்று கட்டிப் போட்டார்கள். பழுது கண்டுபிடிக்கும் கருவியையும் ரிப்பேர்ப் புத்தகத்தையும் வெளி மெக்கானிக்குக் கிடைக்காமல் பூட்டி வைத்தார்கள். வெளிப் பட்டறைக்குப் போனால் வாரண்டி செல்லாது என்று வண்டிக்காரனை மிரட்டினார்கள். வண்டியை ஒரு தரம் வாங்கியவன் ஆயுள் முழுக்க அவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டும். அவர்கள் சொன்னதே விலை!

இந்தப் பார்ட்டைச் செய்கிறவன் யார்? அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் முன்னால் நிற்கிற தொழிலாளி. பலர் வெறும் காண்டிராக்ட் கூலிகள். அவன் கையிலிருந்து ஒரு விலையில் வெளியேறும் சாமான், கம்பெனி முத்திரை ஒட்டிய அட்டைப் பெட்டிக்குள் போய் வெளியே வரும்போது வேறு விலை. அட்டைப் பெட்டிக்கு இத்தனை மகிமையா?

அபராதம் கட்டினார்களா என்று கேட்காதீர்கள். வக்கீல்களை வைத்துக் கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிஸ்ஸான் மூவர் மீதும் குற்றம் உண்மை என்றது. தொகையை மட்டும் குறைத்தது. அதன் பிறகும் வழக்கு ஓயவில்லை. புதுப்பேட்டைத் தொழிலாளி மீது ஒரு திருட்டு வழக்கு போட்டால் இத்தனை ஆண்டு காத்திருப்பார்களா?

அப்படியானால் திருட்டே இல்லையா? உண்டு. மீரட்டின் சோத்திகஞ்சில் திருட்டு வண்டிகளை ஒரே இரவில் உடைத்துத் துண்டாக்கினார்கள். 2021 டிசம்பரில் போலீஸ் அந்தச் சந்தையையே மூடியது. திருடனைப் பிடியுங்கள், யார் வேண்டாம் என்றது? வண்டியை உடைத்தால் ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ரத்துச் சீட்டு, எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர், விற்றவன் பெயர் எல்லாம் கடை நோட்டில் இருக்கட்டும், பில் போடட்டும். அதற்காகச் சந்தையையே மூடுவதென்றால், நகை திருட்டுக்காக நகைக்கடை வீதியை மூட வேண்டியதுதான்!

கழற்றி விற்கக் கூடாத சாமான்களும் உண்டு. ஏர்பேக் அதில் முதலாவது. 2017 மார்ச்சில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில், உடைந்த காரிலிருந்து எடுத்து மாட்டிய ஏர்பேக் வெடித்து உலோகச் சிதறல் ஓர் இளம்பெண்ணின் கழுத்தில் பாய்ந்தது. பார்த்தீர்களா என்பார்கள் கனவான்கள். பார்த்தோம். அந்த ஏர்பேக்கைச் செய்தது காயலான் கடையா? ஜப்பானின் தக்காத்தா கம்பெனி! புத்தம் புதிய கார்களிலும் அதையேதான் வைத்தார்கள். சோதனைக் கணக்கைத் திரித்துக் கொடுத்ததை அந்தக் கம்பெனி 2017-ல் அமெரிக்கக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டு, 100 கோடி டாலர் கட்ட இசைந்தது.

உடைக்கிறவன் உயிரைப் பற்றி யார் பேசுகிறார்கள்? 2010-ல் டில்லி மாயாபுரி காயலான் சந்தைக்கு ஓர் எந்திரம் வந்தது. உடைத்தவர்களுக்கு உடம்பு கறுத்தது, வாந்தி எடுத்தது. உள்ளே இருந்தது கோபால்ட்-60 என்னும் கதிர்வீச்சுப் பொருள். ஏலத்தில் விட்டது டில்லிப் பல்கலைக்கழகம்! படித்த மேதைகள் விற்றார்கள்; படிக்காத தொழிலாளி ஒருவன் செத்தான். பேட்டரி அமிலமும் பிரேக் தூசியும் கழிவு எண்ணெயும் தினம் தினம் வெறுங்கையில். கையுறை இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, விரல் போனால் நஷ்டஈடு இல்லை.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2021-ல் வாகன உடைப்பு விதிகள் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். பதிவு பெற்ற நிலையத்தில்தான் உடைக்க வேண்டும், நஞ்சைப் பிரித்தெடுக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் பதிவுக்கு நிலம் வேண்டும், எந்திரம் வேண்டும், வங்கி உத்தரவாதம் வேண்டும். பத்தடிக் கடையில் தலைமுறையாக ஸ்பானர் பிடித்தவன் எங்கே போவான்? வாசல் கதவைப் பெருமுதலாளியின் உயரத்துக்குக் கட்டி வைத்துவிட்டு, எல்லாரும் வரலாம் என்கிறார்கள்.

கூடவே 2022 ஏப்ரலில் 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று; இருசக்கர வண்டிக்கு 300 ரூபாய் 1,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு தாண்டினால் காருக்கு 10,000, பைக்குக்கு 2,000 என்றார்கள். பழைய பைக்கில் மில்லுக்குப் போகிறவன் ஆசைக்கா அதை வைத்திருக்கிறான்?

புதுப்பேட்டைத் தொழிலாளிகள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து பதிவு பெறட்டும். எண்ணெயும் அமிலமும் பிரிக்கும் பொதுக் கூடத்தைச் சர்க்கார் தன் செலவில் கட்டித் தரட்டும். அந்தக் கூடத்துக்கு இடம் ஒதுக்கும் உத்தரவை முதலில் போடுங்கள். பிறகு எவன் கடையைப் பூட்டலாம் என்று பேசலாம்.